பத்து மணிக் கணக்கு

போன வாரம் இரண்டு இளம் தலைமையாசிரியர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கையில் புதிதாக வந்திருக்கும் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம். நடுத்தாள் மடிப்புக்கூடக் கலையவில்லை. "இதை வாரவாரியா எப்படிப் பிரிச்சுப் போடறதுன்னு நீங்கதான் சொல்லோணும் சார்" என்றார்கள். சொன்னேன். எந்தப் பருவத்தில் எதை வைப்பது, எதை முந்தி முடிப்பது, அறுவடை வந்தால் எதைத் தள்ளலாம், எதைத் தள்ளவே கூடாது, எல்லாம். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மலைப்பாதை ஏறும் பஸ்கள் தெரியும். நாலு பஸ் ஏறுகிற வரை நின்றேன், நடந்தேன், நின்றேன். சொன்னது எல்லாம் சரிதான். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த ஒன்று இல்லாமல் சொன்ன மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

ஐம்பத்தைந்து வயது முடிந்து, சித்திரையில் வேலையிலிருந்து இறங்கியவன் நான். உடம்பு கெட்டுப்போகவில்லை. காலையில் எழுந்ததும் எங்கோ போக வேண்டும் என்று கால் துடிக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

சேலத்தில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. அதில் என்னிடம் மிஞ்சியது ஒரே வாக்கியம்: காலையில் மூளை தெளிந்திருக்கும், ஆகவே கணக்கை முதல் பீரியடில் வை. பிறகு வாழப்பாடியில் சில வருஷம் உதவி ஆசிரியர். அதன்பின் ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் ஐந்து வகுப்புள்ள பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராகப் போனேன். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரு பாதி காடு கழனி உள்ள குடும்பங்கள். மறு பாதி நெசவுத் தெரு. நடுவில் பள்ளிக்கூடம்.

தலைமையாசிரியர் என்றால் அப்போது என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாடத்திட்டம் மேலிருந்து வரும். அதை வருஷத்தின் வாரங்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிது கால அட்டவணை. கெட்டியான அட்டையில் தாள் ஒட்டி, கறுப்பு மசியில் கட்டம், சிவப்பு மசியில் பாடத்தின் பெயர். கட்டம் முடிந்ததும் டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து மூலையில் கையெழுத்துப் போடுவார். போட்டபின் அது சட்டம். எந்த மணியில் எந்தப் பிள்ளை எதை நினைக்க வேண்டும் என்று அந்த அட்டை சொல்லும். என் அட்டவணை மாதிரி இந்தத் தாலூகாவில் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். எல்லா வகுப்புக்கும் பத்து மணிக்குக் கணக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் ஐந்து சிவப்புச் சொற்கள். தூரத்தில் நின்று பார்த்தால் அழகாக இருக்கும்.

அட்டவணை விதிகளின் கடைசியில், உள்ளூர் நிலைமைக்குத் தக்கபடி தலைமையாசிரியர் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படித்திருக்கிறேன். பல தடவை படித்திருக்கிறேன்.

நாலாம் வகுப்பு மாரப்பனிடம் இருந்தது. இருபத்துமூன்று வயது. சேந்தமங்கலத்துப் பக்கம், மலையடிவாரத்து ஆள். அந்தக் குடும்பத்தில் எழுத்து வாசனை அவரோடுதான் தொடங்கியது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் அபிப்பிராயமும் இன்ஸ்பெக்டரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் அண்ணன் காட்டில் ஏர் பிடிக்கத் திரும்ப வேண்டியதுதான். கல்யாணம் ஆகி ஆறு மாதம்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வருஷமும் தை கடைசியில் வருவார். சைக்கிளில் வருவார், கால்சட்டையின் அடியில் கிளிப் மாட்டியிருப்பார். தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் கேட்பார். என் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கடைசிப் பலகையில் பிள்ளைகளோடு முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, பத்து நிமிஷம் ஒன்றும் கேட்காமல் இருப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஆசிரியரின் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். பிறகு மிக மெதுவாக ஒரு கேள்வி. தப்பான பதில் வந்தால் கோபிக்க மாட்டார். திரும்பி என்னைப் பார்ப்பார். "காரணம்?" என்பார். அந்த ஒரு சொல்தான். அதற்கு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். இழுத்தால் பொறுமையாகக் காத்திருப்பார். திட்டுகிற அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எவ்வளவோ தேவலாம்.

முதல் வருஷம் நாலாம் வகுப்பில், "ஒரு வீசைக்கு எத்தனை பலம்?" என்று கேட்டார். காட்டுக்காரப் பிள்ளைகள் நாற்பது என்றார்கள். நெசவுத் தெருப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். வகுத்தல் கணக்கு ஒன்று போட்டார். அதே கதை.

"காரணம்?"

"ஆசிரியர் புதியவர் சார். சரியாகிவிடும்."

இரண்டாம் வருஷமும் அப்படியே. இந்தத் தடவை பதிவுப் புத்தகத்தில் எழுதினார்: நாலாம் வகுப்பில் கணக்கு மிக மோசம். எழுதி, மசியை வாயால் ஊதிக் காயவைத்தார். "இந்த ஆசிரியரைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைத் தனியாக அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஏறினார்.

நான் அனுப்பினேன். நேர்மையாகத்தான் எழுதினேன் என்று அன்று நினைத்தேன். நல்லவர், ஒழுங்கானவர், கணக்குப் போதிக்கும் திறமை போதாது. மூன்றே வரி.

எழுதுவதற்கு முன் யோசிக்க எனக்கு எல்லாம் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் ஒருநாள் மாரப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மழை பேஞ்சா பசங்களுக்குக் கணக்கு நல்லா வருதுங்க சார். என்னமோ தெரியலீங்க."

"அப்படியானால் கொல்லிமலைக்கு மாற்றல் கேளுங்கள். அங்கேதான் எப்போதும் மழை" என்றேன். பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கூடச் சிரித்தார்.

இன்னொரு தடவை, "காத்தால பாதிப் பசங்க லேட்டாத்தான் வாராங்க சார்" என்றார்.

"அதற்குத்தானே இரண்டாம் மணிக்கு ஆஜர் பதியச் சொன்னேன்" என்றேன்.

அது என் ஏற்பாடு. பத்து மணிக்கே பெயர் கூப்பிட்டால் ஆஜர் குறையும். குறைந்தால் ஓர் ஆசிரியரை எடுத்துவிடுவார்கள். அதனால் முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டாம் பீரியடு தொடங்கும்போது பதிவது என்று உத்தரவு போட்டிருந்தேன். இரக்கமும் இருந்தது, சாமர்த்தியமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. பதிவேட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். பதிவேடு சுத்தமாக இருந்தது. நானே அந்தப் பதிவேட்டை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நான் எடுத்தது ஐந்தாம் வகுப்பு. அதில் நெசவுத் தெருப் பிள்ளைகள் இரண்டே பேர். அந்தத் தெருவின் மற்றப் பிள்ளைகள் நாலாம் வகுப்போடு நின்றுபோயிருந்தார்கள். அந்த இரண்டு பேர் ஏன் தப்பி வந்தார்கள் என்று கேட்டிருந்தால்கூடப் போதும். அவர்கள் வீட்டில் தறி இல்லை. ஒருவனுடைய அப்பன் மளிகைக்கடை, இன்னொருவனுடைய அப்பன் வண்டிக்காரர்.

அபிப்பிராயம் அனுப்பி ஒரு மாதம் இருக்கும். பாப்பாத்தி என்று நாலாம் வகுப்பில் ஒரு பெண். படிப்பு, பாட்டு எல்லாம் வரும். கணக்கு மட்டும் பூஜ்யம். இந்தப் பெண்ணை நிறுத்திவிடாதீர்கள் என்று அவள் அப்பனிடம் சொல்ல, காலையில் வெளியூர் போய்விட்டுத் திரும்புகிற வழியில் நெசவுத் தெருவுக்குப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. "எல்லாரும் பாவடியிலிருக்காங்க" என்றார்கள்.

பாவடி என்றால் தெருக்கோடியில் பாவு நீட்டுகிற வெட்டவெளி. தறியில் ஏற்றப்போகும் நூலை, ஆள் உயரத் தாங்கல்களின்மேல் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய தூரிகையால் இரண்டு பக்கமும் நீவிக்கொண்டே போவார்கள். விடிவதற்குமுன் தொடங்கி, வெயில் கடுமையாவதற்குள் முடித்தாக வேண்டும். இல்லையென்றால் கஞ்சி முறுகி நூல் உடையும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும். இன்று உன் பாவு, நாளை என் பாவு. நீவும்போது அங்கங்கே இழை அறும். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கச் சின்ன விரல் வேண்டும். ரொம்பச் சின்னப் பிள்ளைக்குக் கை எட்டாது. பெரியவர்களுக்கு விரல் தடிமன். எட்டு ஒன்பது வயதுக் கைதான் தோது.

அது நாலாம் வகுப்புக் கை.

பாவின் இரண்டு பக்கமும் என் நாலாம் வகுப்பு நின்றுகொண்டிருந்தது. பதினோரு பேர். அறுந்த இழையைக் கண்டால் குனிந்து, முனையைத் திரித்து, அடுத்ததற்கு நகர்ந்தார்கள். விரலெல்லாம் வெள்ளை. வகுப்பில் அந்த வெள்ளையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பலப்பத் தூள் என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி அதட்டியும் இருக்கிறேன்.

அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது. பத்து. என் மணியை வெளியே நின்று கேட்டது அன்றைக்குத்தான். உள்ளே நிற்பவனுக்கு அது ஊரையே எழுப்புகிற சத்தம். பாவடியில் அது எங்கோ மாட்டுக் கழுத்தில் அசைந்த மாதிரி இருந்தது. ஒரு தலையும் நிமிரவில்லை.

"பாப்பாத்தி, மணி அடித்தாயிற்று" என்றேன்.

"பாவு முடியலீங்க சார்" என்றாள். கை நிற்கவில்லை.

அவள் அப்பன் செங்கோடன் தூரிகையோடு வந்தார். "வாங்க வாத்தியாரய்யா. பாவுக்கு ஒரு கை கொறையுதுன்னு நெனச்சேன், நீங்களே வந்துட்டீங்க."

"தினமும் இப்படித்தானா?"

"மழை இல்லாத நாளெல்லாம் பாவுதானுங்களே. மழையில பாவு நனைஞ்சா அத்தனையும் போச்சு. அதனால மழக்காலத்துல பசங்க நேரத்துக்கே வந்துருவாங்க. இப்பவும் ஒங்க ரெண்டாவது மணிக்குள்ள முடிச்சு அனுப்பிச்சுடறமுங்க. பேர் போட்டுக்குவாங்களாம்ல, அதுக்குள்ள போனாப் போதும்னு சொன்னாங்க."

"இவளுக்குக் கணக்கு வரவில்லை, செங்கோடன்."

அவர் சிரித்தார். "அதென்னங்க அப்படிச் சொல்றீங்க. பாவுல எத்தனை இழை, எத்தனை அறுந்துது, எத்தனை பிணைச்சான்னு அவளக் கேட்டுப் பாருங்க. ஊட்ல நாங்க தப்பு விட்டாலும் அவ விடமாட்டாளுங்க. ஒங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற என்னமோ போல இருக்குது."

நான் திரும்பி நடந்தேன். நெசவுத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று நிமிஷ நடை. அந்த மூன்று நிமிஷத்தில் மழை, இரண்டாம் மணி, தை மாதத்து இன்ஸ்பெக்டர், வெள்ளை விரல், ஐந்தாம் வகுப்பின் இரண்டு பேர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நாலாம் வகுப்பு வாசலில் நின்றேன். மாரப்பன் பாதிக் காலியான அறையைப் பார்த்து வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது. காலியாக இருந்த பலகைகளுக்கும் சேர்த்துச் சத்தம் போடுகிறவர் போல இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அட்டவணையை மாற்றினேன். கையெழுத்துள்ள அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கம் புதுக் கட்டம் போட்டேன். நாலாம் வகுப்புக்கு மட்டும் பத்து மணிக்குப் பாட்டும் கைவேலையும். பகல் இரண்டு மணிக்குக் கணக்கு. மாரப்பனிடம், "மேலிடத்தில் இப்படிப் பிரியப்படுகிறார்கள்" என்றேன். கூடவே இன்னொன்றும் செய்தேன். பத்துப் பத்தாகக் குச்சி கட்டி வகுத்தலைக் காட்டுங்கள் என்று ஒரு யோசனை சொன்னேன். யோசனை நல்லதுதான். அந்த வாரத்தில் ஏன் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

ஒரே மாதம். நெசவுத் தெருப் பிள்ளைகள் வகுத்தலைப் பிடித்துக்கொண்டார்கள். பாப்பாத்தி பலகைக்கு வந்து நீண்ட வகுத்தல் போட்டாள், மீதியோடு. மாலையில் எல்லோரும் போன பிறகு மாரப்பன் என் மேஜைக்கு வந்து நின்றார். முகத்தில் சந்தோஷம், அதற்கடியில் ஒரு சந்தேகம்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா. இப்ப கணக்கு நேரத்துல எல்லாப் பசங்களும் இருக்காங்க. அதனாலதான் வருதோ என்னமோ?"

நிஜம் அவர் கைக்கு எட்டிவிட்டது. ஆமாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஆமாம் என்றால், மூன்று வரி எழுதி அனுப்பியது என்ன ஆகும்?

"குச்சிக்கட்டுதான் மாரப்பன்" என்றேன். "முறை மாறினால் எல்லாம் மாறும்."

"அப்படீங்களா" என்றார். நம்பிவிட்டார். மேலே இருப்பவன் சொன்னால் தன் கண்ணைவிட அதை நம்பிவிடுகிற மனிதர்.

தை வந்தது. சைக்கிள், தலைப்பாகை, வெந்நீர். நாலாம் வகுப்பின் கடைசிப் பலகையில் பத்து நிமிஷம். கேள்வி கேட்டார். பதில் வந்தது. இன்னும் கடினமாக ஒன்று. அதற்கும் வந்தது. எழுந்து வெளியே வந்தார், வேப்பமரத்தடியில் நின்றார்.

"காரணம்?"

அவருக்கு மட்டும் சொன்னேன். பாவடி, மழை, இரண்டாம் மணி ஆஜர், என் உத்தரவு, கழற்றிய அட்டை. ஒன்றும் விடவில்லை.

அவர் கேட்டார்: "அப்படியானால் நீங்கள் அனுப்பிய அபிப்பிராயம்?"

"தப்பு சார்."

"தப்பு என்று எழுதினால், ஏன் தப்பு என்று எழுத வேண்டும். ஆஜர் விவகாரம் மேலே போகும். உங்களை விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் ஓர் ஆள் குறையும்." தலைப்பாகையை உள்ளங்கையில் ஒருமுறை சுற்றினார். "ஆசிரியர் தம் முறையைத் திருத்திக்கொண்டார், இப்போது திருப்திகரம் என்று எழுதுங்கள். அவருக்கும் வேலை நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை."

கெட்ட மனிதர் அல்ல அவர். எல்லோரையும் காப்பாற்றுகிற வாக்கியம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் உள்ளே போய் அதை அப்படியே எழுதினேன். முதல் அபிப்பிராயம் நிஜமாக நின்றது. இரண்டாவது அதன்மேல் ஏறி நின்றது. அட்டவணையை அவர் மெச்சினார். நாமக்கல்லில் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, உள்ளூர் நிலைமை அறிந்து பாடத்தை அமைத்தவர் என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். நெசவு உள்ள ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அந்த அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நல்லதுதான் நடந்தது. நன்மையைக் கொண்டே என்னைக் குத்த முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நிரந்தர உத்தரவு வந்த அன்று மாரப்பன் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்தார். "நீங்க எழுதலீன்னா எனக்கு ஊடு வாசல் இல்லீங்க சார்" என்றார். "உட்காருங்கள்" என்றேன். பழத்தை வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவருக்கு மாற்றல். எனக்கும் இரண்டு ஊர். வருஷங்கள். அவர் இப்போது மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர். சித்திரையில் எனக்கு விடைகொடுத்த தேநீர் விருந்துக்கு வந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. எழுந்து பேசினார். "எனக்குக் கணக்குச் சொல்லித் தரவே தெரியாமெ இருந்துது. என்னை வெளியே தள்ளாமெ, முறையைக் காட்டி ஆளாக்குனவரு சார்தான்." இளம் ஆசிரியர்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள்.

விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில் அவரே இன்னொன்றும் சொன்னார், தாழ்ந்த குரலில், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. "இன்னைக்கு வரைக்கும் கணக்கு நானா எடுக்கறதில்லீங்க சார். உதவி வாத்தியாருகிட்டக் கொடுத்துருவேன். எனக்கு வராததெ நான் எடுத்துப் பசங்க பாழாப் போயிரக் கூடாது பாருங்க."

எத்தனை வருஷம், எத்தனை நாலாம் வகுப்பு. நான் துண்டால் கையைத் துடைத்தேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன். "சரி மாரப்பன், வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள்" என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். கடிதத்தில் எழுதினால் அது எனக்கும் அவருக்கும் இடையில் தங்கிவிடும். அவரைப் பற்றிய பொய்யை நான் அரசாங்கக் காகிதத்தில் எழுதினேன், கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவில் சுமந்தேன், விருந்தில் குடித்தேன். திருத்தத்தை மட்டும் மூடிய உறைக்குள் அனுப்புவது நியாயமில்லை. ஆசிரியர்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையை மாரப்பன் மாதம் தவறாமல் வாங்குகிறவர். ஆகவே இங்கே எழுதுகிறேன். போன வாரம் வந்த அந்த இரண்டு பேரிடம் சொல்லாமல் விட்டதும் இதைத்தான். ஆஜர் விவகாரத்துக்கு இனி என்ன செய்வார்களோ செய்யட்டும்.

மாரப்பன், உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியும். அப்போதும் தெரியும். உங்களிடம் கணக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தார்கள். இருந்ததாகப் பதியச் சொன்னவன் நான். நீங்கள் அதைக் கண்டுபிடித்து என்னிடமே கேட்டீர்கள். நான் மறுத்தேன். குச்சிக்கட்டு ஒன்றும் செய்யவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் நாலாம் வகுப்புக் கணக்கை உதவி ஆசிரியரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஏனென்று கேட்டால் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.